பிரேக் அக்காவின் இரண்டு காதுகள்

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாருக்கும் அவள் பிரேக் அக்காதான். சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்ததோடு சரி. கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் இடது சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே ஒரு சைக்கிள் தலைகாட்டினால் போதும், ஓட்டுகிறவர் ஐயோ என்று நினைப்பதற்குள் அக்காவின் கால் அதை மிதித்திருக்கும். பத்தொன்பது வருடமாக மூன்றாம் நம்பர் கார் அவளுடையதுதான். அதில் கீறலே கிடையாது என்றெல்லாம் அவள் பீற்றிக்கொள்ள மாட்டாள். இரண்டு கீறல் உண்டு. இரண்டுக்கும் காரணம் அடுத்தவன் என்று தேதியோடு சொல்வாள்.

அந்தப் பத்தொன்பது வருடமும் அவளுக்கு வலது காது பாதிக்கு மேல் கேட்காது என்பது அங்கே பல பேருக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே சீழ் வடிந்து, ஆபரேஷன் ஆகி, பிழைத்தது போலப் பாசாங்கு செய்து, பிறகு வருடத்துக்குக் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டே வந்த காது அது. வண்டி ஓட்டுகிறவர் உட்கார்வதோ அவளுடைய வலப்பக்கம். அதனால் ஓட்டுகிறவர் பேசுவதை அவள் நம்பியதே இல்லை. முட்டியைத்தான் பார்ப்பாள். கிளட்ச் மிதிக்கிற முட்டி நடுங்கினால் பயம். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் வெளுத்தால் அதைவிடப் பயம். கண்ணாடியைப் பார்க்காமல் தோள் திரும்பினால் பிரேக். இதற்கெல்லாம் காது எதற்கு? கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பொதுவாக வாயில்லாப் பூச்சிகள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இடது காதுக்கு நல்ல காது என்று பெயர். அதுவும் நாற்பத்தெட்டு வயதுக்குப் பிறகு சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிசான கூரான சத்தங்கள் மட்டும் கழன்றுகொண்டன. 'ச' எல்லாம் 'த' ஆயிற்று. குழாய் வேலை பார்க்கிற வீட்டுக்காரர் ஒருநாள் குளியலறையிலிருந்து “சோப்பு தீந்துடுச்சு” என்றார்.

“தோப்பா? நமக்கு ஏதுங்க தோப்பு, தீந்துபோறதுக்கு?” என்றாள் அக்கா.

அவர் சிரித்து முடிக்கவே கால்மணி நேரம் ஆனது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டில் நடக்கும்வரை எல்லாம் சிரிப்புதான்.

காரில் நடந்தபோது சிரிக்க முடியவில்லை. நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் ஐந்தாம் நாள் பாடத்துக்கு வந்திருந்தாள். மேம்பாலம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னவோ சொன்னாள். 'வண்டி வருது' என்று அக்காவுக்குக் கேட்டது. “வரட்டும். நீங்க உங்க லேன்லயே போங்க” என்றாள். அந்தப் பெண் மறுபடியும் அதையே சொன்னாள். “நானும் பாத்துட்டுதான் இருக்கேன், வரட்டும்” என்றாள் அக்கா. மூன்றாம் தடவை அந்தப் பெண் சொல்லவில்லை. ஸ்டியரிங் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

பாவம், அவள் சொன்னது 'வாந்தி வருது.'

அன்று காரைத் தானே கழுவினாள் அக்கா. கழுவக் கழுவ அவளுக்கு அந்தப் பெண்மேலும் கோபமில்லை, காதுமேலும் கோபமில்லை. கேட்டது மாதிரியே தலையாட்டிக்கொண்டு இருந்தாளே, அந்தத் தலைமேல்தான் கோபம். மறுநாள் யார் சொல்லியும் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போய் நின்றாள்.

அங்கே பரிசோதிக்கிற பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் அக்காவை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாள். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். இடது காதின் நீலக்கோடு பாதி தூரம் சமதளத்தில் நடந்துபோய் அப்புறம் மடமடவென்று படியிறங்கியது. வலது காதின் சிவப்புக்கோடு கிளம்பும்போதே பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து இன்னும் பள்ளத்துக்குப் போனது.

“ரெண்டு காதுக்கும் நடுவுல இவ்வளவு வித்தியாசம் இருந்தா பழகக் கொஞ்சம் நாளாகும்மா. வலது பக்கம் மெஷின் வச்சா சத்தம் வரும். ஆனா பேச்சு தெளிவா வரும்னு நான் சொல்லமாட்டேன். தெளிவுக்கு இடது காதுதான். ரெண்டையும் சேத்துப் புரிஞ்சுக்க மூளைக்கு அவகாசம் குடுக்கணும். முதல் வாரம் தினம் ரெண்டு மணி நேரம் போதும்” என்றாள் அந்தப் பெண்.

பிறகு ஒரு தட்டில் நிற மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தாள். தோல் நிறம், சாம்பல் நிறம், முடி நிறம். “இது போட்டா வெளியிலயே தெரியாது” என்றாள்.

“தெரியக்கூடாதுன்னு யார் சொன்னது?” என்று கேட்ட அக்கா, தட்டின் ஓரத்தில் குழந்தைகளுக்காக வைத்திருந்த சிவப்பைத் தொட்டுக் காட்டினாள். “எல் போர்டு கலர். இதையே குடுங்க. நானும் கத்துக்கிறவதானே.”

இரண்டு காதுக்கும் மெஷின் வந்து மாட்டிக்கொண்ட முதல் நாள், பரிசோதனை அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். யாரோ தன் பின்னாலேயே படக் படக்கென்று நடந்து வருகிறார்கள். திரும்பினால் ஆளில்லை. அவளுடைய செருப்புத்தான். வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு குடும்பமே குடியிருந்தது. ஃபிரிட்ஜ் முனகியது. குழாயில் தண்ணீர் விழுவது தகரத்தில் ஆணி கொட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டினார், அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாவற்றையும் விட மோசம் அவளுடைய சொந்தக் குரல். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. இரண்டு காதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை. இடது காது ஊசியாகக் குத்தியது. வலது காது, பக்கத்து வீட்டு ரேடியோ சுவருக்கு அந்தப் பக்கம் கத்துகிற மாதிரி, ஒரு வார்த்தையும் விளங்காமல் இரைந்தது.

“ரெண்டு மணி நேரம் ஆச்சே, கழட்டிடேன்” என்றார் வீட்டுக்காரர்.

“காருக்குள்ள ரெண்டு மணி நேரம்தான் வேலையா எனக்கு? இருக்கட்டும்.”

காலையில் எழுந்ததும் மாட்டிக்கொண்டால் படுக்கப் போகும்போதுதான் கழற்றினாள். நான்காம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி மாட்டினாள். இது புத்திசாலித்தனம் என்று பரிசோதிக்கிற பெண்ணும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. ஆனால் அக்கா ஒரு காரியத்தில் இறங்கினால் ரிவர்ஸ் கியரே கிடையாது என்பது அவளை மணந்த நாளாக அவருக்குத் தெரியும். பேசாமல் பேப்பரை மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தார்.

ஒன்பதாம் நாள் பல் டாக்டர் பாடத்துக்கு வந்தார். நாற்பது வயது, நல்ல கூட்டம் வருகிற டாக்டர், மூன்று வாரமாக அக்காவிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அவரைப்போல அடக்கமான மாணவர் கிடையாது என்று அவள் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட வளைவில் அவர் வேகத்தைக் குறைக்காததால் அக்கா பிரேக் போட்டாள். அடுத்த சிக்னலில் வண்டி நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, எஞ்சின் அமைதியாக இருந்தது. டாக்டர் நேராகச் சாலையைப் பார்த்தபடி, உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னார்: “சனியன், எப்பப் பாரு மிதிச்சுக்கிட்டே இருக்கு.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூன்று வாரமாக இந்த மனிதர் இப்படித்தான் அர்ச்சனை செய்துகொண்டு இருந்திருக்கிறார். இவர் மட்டும்தானா? பத்தொன்பது வருடத்து வாயில்லாப் பூச்சிகள் எல்லாம் வரிசையாக அவள் கண்முன் வந்து போயின.

“சனியனுக்கு இப்பக் காது கேக்குது டாக்டர். பச்சை விழுந்துடுச்சு, ஃபர்ஸ்ட் கியர் போடுங்க” என்றாள்.

டாக்டரின் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. கியருக்குப் பதில் இண்டிகேட்டரைப் போட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச தூரம் தாண்டி, பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க அக்கா கழுத்தைத் திருப்பினாள். வலது காது சீட்டின் தலைமெத்தையில் உரசியது. மெஷின் கீ...ச்சென்று விசில் அடித்தது. டாக்டர் நடுரோட்டில் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு முழ இடைவெளியில் நிறுத்தி, இறங்கி வந்து, தனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் சொன்னார். அன்றைக்கென்று அதுவும் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் ஓனர் கூப்பிட்டனுப்பினார். ஓனர் கெட்டவர் இல்லை. ஆனால் புகார் என்ற வார்த்தையைக் கேட்டாலே வியர்த்துவிடும் அவருக்கு.

“டாக்டர் வந்திருந்தார்க்கா. காதுல மெஷின் போட்டவங்க வண்டி சொல்லிக்குடுக்கலாமான்னு கேக்கறார். விசில் அடிச்சதாமே?”

“அடிச்சது. உண்மைதான்.”

“அதான் சொல்றேன். வயசும் ஆகுது. கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்க. ஃபாரம் நிரப்பறது, தியரி கிளாஸ், ஃபோன். வெயில் இல்ல, ஏசி இருக்கு. உங்க நல்லதுக்குத்தான்.”

“எனக்கே காது குத்துறீங்களா?” என்றாள் அக்கா. “பத்தொன்பது வருஷமா ஒரு காது மந்தமா ஓட்டினேன். ஒருத்தரும் வந்து உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. இப்ப கேக்க ஆரம்பிச்சிருக்கு. உடனே வண்டிய விட்டு இறங்கணுமா?”

“அப்படி இல்லக்கா...”

“வேற எப்படி?”

பதில் இல்லாத ஓனர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். திங்கட்கிழமை வரைக்கும் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த மூன்று நாள் ஆபீசில் உட்கார்ந்ததுதான் அக்காவுக்கு அவ்வளவு வருட வேலையில் மிகக் கஷ்டமான மூன்று நாள். மேஜைமேல் இரண்டு ஃபோன். வலது காதில் வைத்தால் இரைச்சல், இடது காதில் வைத்தால் மெஷினும் ரிசீவரும் உரசி விசில். மெஷினைக் கழற்றிவிட்டு வைத்தால் 'ச' எல்லாம் பழையபடி 'த'. முகம் தெரியாத குரலுக்கு முட்டியும் கிடையாது, விரலும் கிடையாது. சனிக்கிழமை ஏழு மணி என்று ஒருவர் சொன்னதை எட்டு மணி என்று அவள் எழுதிவைத்ததால், அந்த மனிதர் காலையில் வந்து ஒரு மணி நேரம் வாசலில் நின்றார். அக்கா நேரே ஓனர் அறைக்குப் போனாள்.

“ஒரு சந்தேகம். காது சரியில்லன்னு ஒருத்திய வண்டியில இருந்து இறக்கி, கொண்டுபோய் டெலிபோன் பக்கத்துல உக்கார வச்சிருக்கீங்களே, இது எந்த ஊர் நியாயம்?”

ஓனர் அடிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பரிசோதிக்கிற இடத்துக்குப் போனாள். அந்தப் பெண் மெஷினை கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். “இப்ப நான் பேசறது எப்படிக் கேக்குதும்மா?”

“அருமையா கேக்குது.”

“அப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“இந்த ரூம்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இந்த ரூம்ல வேலை இல்லம்மா. எனக்கு வேலை கார்ல. எஞ்சின் ஓடும், காத்து அடிக்கும், ஏசி இரையும், வலது பக்கத்துல ஒருத்தர் பயந்து பயந்து முணுமுணுப்பார். அங்க வந்து உக்காந்து செட் பண்ணிக் குடுங்க.”

“நாங்க வெளியில வர்றது வழக்கம் இல்லம்மா.”

“ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே? காரை நான் உங்க வாசலுக்கே கொண்டு வர்றேன். ஒரு மணி நேரம். முடியாதுன்னா நேரா முடியாதுன்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்கமாட்டேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்து கேப்பேன்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் வீட்டு முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

இப்போது ஓட்டுவதற்கு ஒரு கற்றுக்குட்டி வேண்டுமே. அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் புருஷனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் முயன்றார்கள். அதற்குப் பிறகு நாலு நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்றிலிருந்து அவர் ஸ்கூட்டரில் ரெஞ்சும் பைப்புமாகப் போய்க்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

“நானா?” என்றார் அவர்.

“நீங்கதான். உங்களைவிடப் பயந்தாங்கொள்ளி கார் ஓட்ட எனக்கு எங்க கிடைக்கும்?”

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்கூல் பாடம் நடத்துகிற காலி மைதானம். மூன்றாம் நம்பர் காரின் சாவி எப்போதும் அக்காவிடம்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்க ஓனருக்குத் தோன்றவில்லை, நினைவூட்ட அக்காவுக்கும் தோன்றவில்லை. வலது சீட்டில் வீட்டுக்காரர், இடது சீட்டில் அக்கா, பின்னால் மடியில் லேப்டாப்போடு அந்தப் பெண். வண்டி தவளை மாதிரி இரண்டு முறை குதித்து நின்றது. மூன்றாம் முறை நகர்ந்தது.

பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எஞ்சின் இரைச்சலைக் குறைத்தாள். இண்டிகேட்டர் சத்தம் சுத்தியல் அடிக்கிற மாதிரி இருப்பதாக அக்கா சொன்னதும் அதைத் தணித்தாள். வலது பக்கம் மொத்தச் சத்தத்தையும் இரண்டு படி இறக்கினாள். “வலது காதுக்கு நிறையக் குடுத்தா நிறையக் கேக்கும்னு இல்லம்மா. அளவாக் குடுத்தாத்தான் இடது காதுக்குத் துணையா இருக்கும்” என்றாள். விசில் வராமல் இருக்க, காதை இறுக்கமாக அடைக்கிற வேறொரு ரப்பர் முனையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். அக்கா தலைமெத்தையில் காதை வேண்டுமென்றே தேய்த்துப் பார்த்தாள். கம்மென்று இருந்தது.

“இப்ப எப்படி இருக்கும்மா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இப்ப நல்லா இருக்காம்” என்றார் வீட்டுக்காரர்.

அக்கா பிரேக்கை மிதித்தாள். மூன்று பேரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள்.

“நான் இன்னும் வாயே திறக்கல” என்றாள்.

“இல்ல, உன் முகத்தைப் பாத்தேன், நல்லா இருக்கிற மாதிரி...”

“கடையில கேட்டா நீங்க பதில் சொல்றீங்க. டாக்டர் கேட்டா நீங்க பதில் சொல்றீங்க. என் தங்கச்சி எனக்கு ஃபோன் பண்ணினாலும் நீங்கதான் பேசி முடிக்கறீங்க. 'அவளுக்குக் கேக்காதும்மா, என்கிட்ட சொல்லு.' போன வாரம் மொட்டைமாடியில நின்னு நீங்க பேசினதைக் கேட்டேன். மாடிப்படியில இருந்து.”

பின்சீட்டுப் பெண் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

“இருபது வருஷமா உனக்கும் சேத்து நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் வீட்டுக்காரர். “உனக்குச் சிரமம் இருக்கக்கூடாதுன்னுதான். இப்ப அதையும் குத்தம்னா நான் என்ன பண்றது?”

அவர் குரல் தழைந்திருந்தது. முன்பென்றால் அந்தத் தழைவு அவளுக்குக் கேட்டிருக்காது. வார்த்தைகளை மட்டும் பிடித்து, சண்டையை நீட்டியிருப்பாள். இப்போது கேட்டது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

“குத்தம்னு சொல்லல. இனிமே உங்களுக்கு மட்டும் கேளுங்க. எனக்குக் கேக்கலன்னா நானே 'என்ன'ன்னு கேட்டுக்கறேன். நாலு தடவை கேட்டாலும் பரவாயில்ல.”

“சரி. இப்ப நான் என்ன பண்றது?”

“கிளட்ச்சை முழுசா மிதிங்க.”

அன்று ஒரு மணி நேரம் என்று போனது இரண்டரை மணி நேரம் ஆனது. இறங்கும்போது அவர் முணுமுணுத்தார். “அப்பாடா, உயிரோட வந்தேன்.” “கேட்டுச்சு” என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை ஓனர் வருவதற்கு முன்பே அவள் மூன்றாம் நம்பர் காரை வாசலில் நிறுத்தி, இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் மாணவர்களுக்கு மார்க் போடுகிற அட்டை.

“வாங்க. ஏறுங்க” என்றாள்.

“நான் பின்னால உக்காந்து பாக்கறேனே, யாராவது...”

“நீங்களே ஓட்டுங்க. என்னைச் சோதிக்கணும்னா அதுதான் வழி.”

ஓனர் கார் ஓட்டி முப்பது வருடம் ஆகிறது. அதாவது, முப்பது வருடமாக அவரை யாரும் திருத்தவில்லை. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார், மற்றக் கை கியர்மேலேயே குடியிருந்தது. அக்கா அட்டையில் கோடு போட்டாள். வளைவில் இண்டிகேட்டர் போடவில்லை. கோடு. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வேகம். கோடு. அவர் தணிந்த குரலில், “என்ன இது, பரீட்சை மாதிரி...” என்றார். “பரீட்சைதான்” என்று பதில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைவீதியில் எங்கிருந்தோ ஹாரன் அடித்தது. ஓனர் வலது பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது பக்கம் ஒதுங்கினார். அக்கா பிரேக் போட்டாள். இடது பக்கம் முட்டி உரசுகிற தூரத்தில், பார்சல் பெட்டி கட்டிய ஒரு பைக் முன்னால் போயிற்று.

“ஹாரன் வலது பக்கம் இருந்து வந்ததே” என்றார் ஓனர்.

“வந்திருக்கும். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. ரெண்டு காதும் சமமா இருந்தாத்தான் அது தெரியுமாம். இந்த மெஷின்லயும் அது திரும்பி வராது, நான் கேட்டுட்டேன். எனக்குத் தெரியாதுங்கிறதால மூணு கண்ணாடியும் பாத்தேன். உங்களுக்குத் தெரியும்ங்கிறதால நீங்க ஒண்ணுதான் பாத்தீங்க.”

வாசலில் வந்து நின்றதும் அட்டையை நீட்டினாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று. கீழே 'மேலும் பயிற்சி தேவை' என்று எழுதியிருந்தது.

ஓனர் அதை இரண்டு தடவை படித்தார். சிரிக்கலாமா கோபப்படலாமா என்று முகத்தில் ஒரு போராட்டம் நடந்து, ஒருவழியாகச் சிரிப்பு ஜெயித்தது. “சரிக்கா. இன்னையில இருந்து வண்டியிலயே இருங்க. ஒரே ஒரு விஷயம். முடியைக் கொஞ்சம் இறக்கி, காதை மறைச்ச மாதிரி விட்டுக்கோங்க. வர்றவங்க பாத்த உடனே பயந்துடக்கூடாது பாருங்க.”

“மாட்டேன்.”

“இதுல என்னக்கா இருக்கு?”

“உங்க கண்ணாடியை மறைச்சுக்கிட்டு வண்டி ஓட்டுங்கன்னு நான் சொன்னேனா? மறைச்சா, நான் என்னமோ தப்பு பண்ற மாதிரி ஆயிடும். வர்றவங்க பாக்கட்டும். பயமா இருந்தா வேற ஆள்கிட்ட போகட்டும். அவங்களுக்காக நான் முடியை இறக்கிவிட மாட்டேன்.”

ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அன்றும் வழக்கம்போல உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டுதான் முதல் பாடத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் அக்காவே ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒரு மாதத்தில் இரண்டு பேர் ஆளை மாற்றிக்கொண்டு போனார்கள். பல் டாக்டர் வேறொருவரிடம் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டார். ஒருநாள் முக்கில் அவர் இரண்டாவது கியரிலேயே எஞ்சினைக் கதறவிட்டுக்கொண்டு போனதைக் கண்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் இன்னும் ஒரே இரைச்சல்தான். வலது காது தனியாக ஒரு வார்த்தையைக்கூடப் பிடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சுக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். அந்த அரைமணியில் வீட்டுக்காரர் எதுவும் கேட்பதில்லை. தங்கச்சியிடமிருந்து ஃபோன் வந்தால், “அவளுக்குக் கேக்காது” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “அவளே அப்புறம் பேசுவா” என்று முடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். நூற்றில் எழுபது தடவை.

புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறாள். “எனக்கு ரெண்டு காதும் ரெண்டு விதம். சந்தேகம் வந்தா சத்தமா, ஒரே தடவையில சொல்லுங்க. என்னைத் திட்டணும்னாலும் சத்தமாவே திட்டுங்க, முணுமுணுத்தாலும் கேக்கத்தான் போகுது.” பலர் சிரிப்பார்கள். ஒரு தபால்காரர் மட்டும் இரண்டாம் நாளே வாய்விட்டுத் திட்டினார். அவர்தான் அந்த மாதத்தில் சீக்கிரம் கற்றுக்கொண்டவர்.

மெஷின் வந்த பிறகு முதல் பெருமழை ஒரு காலை ஆறரை மணிப் பாடத்தின்போது பிடித்துக்கொண்டது. ஓட்டியவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், மழையில் ஓட்டியதே இல்லை. தகரக் கூரையின்மேல் ஜல்லி கொட்டுகிற மாதிரி கார்மேல் மழை இறங்கியது. வைப்பர் வேறு அடித்துக்கொண்டது. இரண்டு மெஷினும் அத்தனையையும் அள்ளிக் காதுக்குள் கொட்டின. அந்தப் பெண்ணின் வாய் அசைவது தெரிந்தது, ஒன்றுமே விளங்கவில்லை. பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அங்கே ஒதுங்கி நிற்கலாம்தான். ஆனால் மழையிலும் ஓட்டித்தானே ஆகவேண்டும்.

அக்கா வெறும் இரைச்சலாகவே இருந்த வலது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டாள். ஓரமாக நிறுத்தச் சொல்லி, அந்தப் பெண் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“மழை விடற வரைக்கும் எனக்கு ஒண்ணும் கேக்காதும்மா. அதனால கையால பேசிக்கலாம். விரலை ஒண்ணு தூக்கினா பயமா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு தூக்கினா நிறுத்தணும்னு அர்த்தம்.”

அந்தப் பெண் உடனே ஒரு விரலைத் தூக்கினாள்.

“தெரியுது, உன் முட்டியே சொல்லுது. ஹெட்லைட்டைப் போடு. கண்ணாடியைப் பாரு, மூணையும். ஃபர்ஸ்ட் கியர்.”

கார் மெதுவாக ரோட்டில் ஏறியது.